பல் சொத்தைக்குத் தாய்ப்பாலா காரணம்?



முக்கொம்பை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். திருச்சியிலிருந்து கரூர் சாலையில் மேற்கே சுமார் 18 கிலோமீட்டர் போனால் வருகிற இடம். அகண்ட காவிரி அங்கே இரண்டாகப் பிரிந்து, வடக்கே கொள்ளிடமாகவும் தெற்கே காவிரியாகவும் ஸ்ரீரங்கத்தை நடுவில் விட்டு ஓடுகிறது. ஆடிப்பெருக்கு அன்று கட்டுச்சோற்று மூட்டையோடு குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்து இறங்குவார்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போன நினைவும் உங்களில் சிலருக்கு இருக்கும். சுற்றிலும் வாழைத் தோட்டம், வெற்றிலைக் கொடிக்கால், நெல், கரும்பு. பக்கத்துப் பெட்டவாய்த்தலையில் நெடுங்காலம் சர்க்கரை ஆலை ஒன்றும் ஓடியது. தண்ணீருக்கும் குறைவில்லை, இனிப்புக்கும் குறைவில்லை என்று சொல்லத்தக்க சீமை அது.

அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய் கேட்ட கேள்வியை இந்த மடலில் உங்கள் முன் வைக்கிறோம். அந்தக் கேள்வி அவள் ஒருத்திக்கு மட்டும் உரியதல்ல. உங்கள் வீட்டு மகளும் மருமகளும்கூட அதைக் கேட்டிருப்பார்கள்.

ஒரு தாயின் கேள்வி

சென்ற ஆண்டு ஆடி மாதம், காலை முதல் பஸ்ஸைப் பிடித்து அவள் வந்திருந்தாள். கூட அவளுடைய மாமியார். இடுப்பில் இரண்டே கால் வயதுப் பெண் குழந்தை. கொடிக்கால் வேலைக்குப் போகிற குடும்பம். அவள் வயிற்றில் அடுத்த பிள்ளை ஐந்து மாதம்.

குழந்தை நான்கு நாளாக இரவில் தூங்கவில்லை. சோறு ஊட்டினால் வாயை மூடிக்கொள்கிறாள். மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது, முன்பற்கள் நான்கும் பழுப்பேறிக் கறுத்திருந்தன. அதில் ஒன்று ஈறு வரைக்கும் உடைந்து, மேலே சீழ்க் கொப்புளம் கட்டியிருந்தது. கீழ் முன்பற்களோ முத்துப்போல இருந்தன.

"இத்தனை மாசம் பால் குடுத்ததாலதான் பல்லு போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க டாக்டரம்மா" என்று சொல்லிக்கொண்டே அவள் அழுதுவிட்டாள். மூன்று வாரத்துக்கு முன் வேப்பிலையை அரைத்து மார்பில் தடவிப் பாலை மறக்கடித்துவிட்டாளாம். அதற்குப் பதிலாக இப்போது என்ன கொடுக்கிறாய் என்று கேட்டோம். இராத்திரி பாட்டிலில் பசும்பால், இரண்டு ஸ்பூன் சீனி போட்டு. வாயில் பாட்டிலோடுதான் தூங்குவாள் என்றாள்.

பிறகு மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள். "அடுத்த பிள்ளைக்காவது பால் குடுக்காம இருந்தா பல்லு தப்பிக்குமா?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும், உடைந்த பல்லைவிட அதுதான் எங்களுக்குப் பெரிய காரியமாகத் தெரிந்தது. பல்லைக் காப்பாற்ற நினைத்து இன்னும் பிறவாத பிள்ளைக்குத் தாய்ப்பாலை மறுக்க ஒரு தாய் துணிந்துவிட்டாள். வயிற்றுப்போக்கிலிருந்தும் நிமோனியாவிலிருந்தும் கைக்குழந்தையைக் காக்கிற முதல் மருந்து தாய்ப்பால். உலகெங்கும் தாய்மார் முறையாகப் பாலூட்டினால் ஆண்டுக்கு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் சாவைத் தடுக்கலாம் என்று 2016இல் லான்செட் மருத்துவ இதழ் கணக்கிட்டுச் சொன்னது. அப்படிப்பட்ட பாலின்மேல் இந்தப் பழி நியாயந்தானா?

பல்லில் பூச்சியா?

பல் சொத்தையை நம் ஜனங்கள் "பூச்சிப் பல்" என்பார்கள். கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு அந்தப் புகையை வாயில் பிடித்தால் புழு விழும் என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. சொத்தைப் பல்லுக்குள் புழு எதுவும் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்பது.

இந்தக் கிருமி பிறக்கும்போது குழந்தையின் வாயில் இருப்பதில்லை. பல் முளைக்கும் காலத்தில் பெரும்பாலும் தாயின் வாயிலிருந்தோ, தூக்கி வளர்க்கிறவர்களின் வாயிலிருந்தோ எச்சில் வழியாக வந்து சேருகிறது. சோற்றை வாயில் வைத்துச் சூடு பார்ப்பது, கீழே விழுந்த நிப்பிளைத் தன் வாயில் சப்பித் துடைத்துக் குழந்தைக்கு வைப்பது, ஒரே ஸ்பூனில் தானும் தின்று ஊட்டுவது எல்லாம் அதற்கு வழி. தாயின் வாயில் சொத்தைப் பற்கள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு அதிகமாகக் கிருமி பிள்ளைக்குப் போகும்.

இந்தக் கிருமிக்குத் தீனி சர்க்கரை. சர்க்கரையைத் தின்று அது அமிலத்தை விடுகிறது. பல்லின் மேல் பூச்சாக இருக்கிற எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். ஆனாலும் வாயில் அமிலம் மிஞ்சி, பி.எச். அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்கும். நல்ல வேளையாக நமக்கு உமிழ்நீர் இருக்கிறது. அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் அமிலத்தைக் கழுவி, கரைந்த சத்தையும் ஓரளவு திருப்பிக் கொடுத்துவிடும். இப்படிக் கரைவதும் திரும்பச் சேருவதும் நாள்தோறும் எல்லாருடைய வாயிலும் நடக்கிறது. கரைவது மிஞ்சும்போதுதான் சொத்தை.

இதை முக்கொம்புக்காரருக்குச் சொல்வது சுலபம். காவிரியின் வாயில் மணல் படிந்து படிந்து மேடாகி, தண்ணீரெல்லாம் பள்ளமான கொள்ளிடத்தில் போய், தஞ்சைச் சீமை ஒரு காலத்தில் காய்ந்தது. ஒரே நாளில் வந்த தீங்கல்ல அது. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கிய பிறகே காவிரிக்குத் தண்ணீர் திரும்பியது. பல்லிலும் அப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாகப் படிகிற அழுக்கே கேட்டுக்குக் காரணம். கட்டின அணையும் கவனிப்பு இல்லாமல் நிற்காது. 2018 ஆகஸ்ட் 22 இரவு அந்த மேலணையின் மதகுகள் சில வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதை நீங்கள் செய்தியில் படித்திருப்பீர்கள். ஒடிந்த அன்றுதான் ஊர் பார்க்கிறது. பல்லும் ஒடிந்த அன்றுதான் வீடு பார்க்கிறது.

இரவு ஏன் ஆபத்தானது? தூங்கும்போது உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும், விழுங்குவதும் குறையும். வாயில் நிற்கிற இனிப்பைக் கழுவ ஆளில்லை. கீழ் முன்பற்களை நாக்கும் அடிநாக்கின் உமிழ்நீரும் காக்கின்றன. மேல் முன்பற்களுக்கு அந்தக் காவல் இல்லை. அந்தக் குழந்தையின் மேல் பற்கள் போய்க் கீழ்ப் பற்கள் பிழைத்ததன் காரணம் இதுவே.

தாய்ப்பால் என்ன செய்கிறது?

தாய்ப்பாலிலும் சர்க்கரை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை 100 மில்லியில் ஏறக்குறைய 7 கிராம் இருக்கிறது. பசும்பாலில் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் தாய்ப்பால் அல்லவா பல்லை அதிகம் கெடுக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் நாம் காப்பியில் போடுகிற சீனியைப்போல லாக்டோஸ் கிருமிக்கு ருசியான தீனியல்ல. சீனியைக் கொண்டு கிருமி பசைபோன்ற ஒரு படலத்தைச் செய்து பல்லில் ஒட்டிக்கொள்கிறது. லாக்டோஸில் அந்தப் பசையைச் செய்ய அதற்கு முடியாது. தாய்ப்பாலில் நோயெதிர்ப்புப் புரதங்களும், கிருமியை அடக்கும் லாக்டோஃபெரினும், பல்லுக்கு வேண்டிய கால்சியமும் பாஸ்பரஸும் கூடவே இருக்கின்றன. குழந்தை மார்பில் சப்பும்போது காம்பு வாயின் உட்புறம் வரை போவதால் பால் பெரும்பாலும் பற்களைத் தாண்டி விழுந்து உடனே விழுங்கப்படுகிறது. பாட்டிலிலோ குழந்தை சப்பாமலிருந்தாலும் சொட்டுச் சொட்டாக வடிந்து முன்பற்களைச் சுற்றித் தேங்கும்.

1999இல் அமெரிக்கப் பல் மருத்துவ ஆய்வாளர்கள் இதைச் சோதனைச்சாலையில் பார்த்தார்கள். தாய்ப்பால் மட்டும் பட்ட பல் கெடவில்லை, சத்துங்கூட எனாமலில் சேர்ந்தது. ஆனால் அதே தாய்ப்பாலில் சீனியைக் கலந்தபோது பல் விரைவாகவே சொத்தையானது. தாய்ப்பால் தனியே குற்றவாளியல்ல என்பதற்கும், சீனியோடு சேர்ந்தால் அதற்கும் பங்கு உண்டு என்பதற்கும் இந்தச் சோதனை சாட்சி.

ஒரு வயதுக்குப் பிறகு

இங்கே உண்மையை முழுவதும் சொல்ல வேண்டும். தாய்ப்பாலைப் புகழ்கிற ஆர்வத்தில் பாதியை விட்டுவிட்டால், தாய்மாருக்கு நாம் உதவி செய்தவர்களாக மாட்டோம்.

2015இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பல நாடுகளில் நடந்த அறுபதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். முதல் 12 மாதத்தில் தாய்ப்பால் குடித்த பிள்ளைகளுக்குச் சொத்தை குறைவாகவே இருந்தது, புட்டிப்பால் குடித்தவர்களுக்குத்தான் அதிகம். ஆகவே முதலாண்டுப் பால் பல்லுக்குக் கேடல்ல, காவல்.

ஒரு வயதுக்குப் பிறகு நிலைமை சற்று மாறுகிறது. அப்போதும் இரவில் அடிக்கடி பால் குடித்துக்கொண்டே தூங்குகிற பிள்ளைகளுக்குச் சொத்தை அதிகமாகக் காணப்பட்டது. பிரேசில் நாட்டுப் பெலோட்டாஸ் நகரில் 2004இல் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது. இரண்டு வயது தாண்டியும் பால் குடித்த பிள்ளைகளுக்கு, ஒரு வயது வரை குடித்தவர்களைவிடக் கடுமையான சொத்தை வரும் வாய்ப்பு 2.4 மடங்கு. 13 மாதம் முதல் 23 மாதம் வரை குடித்தவர்களிடமோ அப்படிப்பட்ட வேறுபாடு காணவில்லை.

ஏன் இந்த மாற்றம்? ஒரு வயதில் பல் நிறைய முளைத்துவிடுகிறது. பிஸ்கட், பன், சீனிப்பால், மிட்டாய் என்று வீட்டுத் தீனியும் வாய்க்குள் வந்துவிடுகிறது. அதைத் துடைக்காத பல்லின்மேல் இரவெல்லாம் பால் படும்போது, சோதனைச்சாலையில் பார்த்த கலவையே குழந்தையின் வாயிலும் உண்டாகிறது.

இதனால் ஒரு வயதில் பாலை நிறுத்திவிட வேண்டுமா? வேண்டியதில்லை. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் வீட்டு உணவோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. இந்த ஆய்வுகளுக்குப் பிறகும் அது மாறவில்லை. மாற்ற வேண்டியது, பல் துலக்காமல் தூங்க வைக்கிற பழக்கத்தையும் இனிப்புத் தீனியையும்தான்.

உண்மையான குற்றவாளி

அந்தத் தாயிடம் பிள்ளை பிறந்த நாள் முதல் என்னென்ன வாயில் வைத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். பதில் சொன்னது பெரும்பாலும் மாமியார்தான். ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

பிறந்ததும் சேனை தொட்டு வைத்தார்கள், அதாவது சர்க்கரைத் தண்ணீர். வயிறு உப்பாமலிருக்க நாள்தோறும் கிரைப் வாட்டர். அழுதால் தேனில் தோய்த்த ரப்பர் நிப்பிள். ஒரு வயதிலிருந்து தாய் வேலைக்குப் போனபோது பகலில் பாட்டிலில் சீனிப்பால். டீக்கடைக்குத் தாத்தாவோடு போனால் டீயில் தோய்த்த பிஸ்கட். "அப்பாயி" என்று ஓடி வந்தால் மடியிலிருந்து ஒரு கல்கண்டு. காய்ச்சல் வந்தபோதெல்லாம் இனிப்பு சிரப். எல்லாம் பாசத்தோடு கொடுத்ததுதான். ஒரு நாளில் எத்தனை முறை அந்தச் சின்ன வாய்க்குள் இனிப்புப் போனது என்று அவர்களே விரல் விட்டு எண்ணியபோது பத்தைத் தாண்டியது. பல் துலக்கியது? "பால் பல்லுதானே, இன்னும் துலக்க ஆரம்பிக்கல."

இது ஒரு வீட்டுக் கதையல்ல. இதே கதை உலகம் முழுவதும் நடந்திருக்கிறது. பாட்டில் பாலோடு தூங்குகிற பிள்ளைகளின் மேல் முன்பற்கள் அழிவதை எலியாஸ் ஃபாஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1962இல் எழுதி, அதற்கு "பால்பாட்டில் வாய்" என்று பொருள்படும் ஒரு பெயரையும் கொடுத்தார். பாட்டிலும் இனிப்புப் பாலும் பிள்ளைகளின் பல்லோடு நிற்பதில்லை. நம்மவர் பலர் கூலிவேலைக்குக் கப்பலேறிப் போன மலாயாவில், சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் அதைக் கண்டார். தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பூட்டிய டப்பாப் பாலை வாங்கிக் கொடுக்கும்படி தாய்மாரைத் தூண்டும் வியாபாரத்தை எதிர்த்து, 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் "பாலும் கொலையும்" என்ற தலைப்பில் பேசினார். அந்தப் பாலால் குழந்தைகள் சாவதைக் கொலை என்றே சொல்லத் துணிந்தார்.

நம் நாட்டிலும் 1992இல் இதற்காகச் சட்டம் வந்தது. குழந்தைப் பால்மாவுக்கும் பால்பாட்டிலுக்கும் விளம்பரம் செய்யக் கூடாது, தாய்ப்பாலே சிறந்தது என்று டப்பாவில் அச்சிட வேண்டும் என்று அது கட்டளையிட்டது. 2003இல் அது இன்னும் கடுமையாக்கப்பட்டது. 2015 ஆகஸ்டில் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகளும் திறக்கப்பட்டன. ஆனால் வீட்டுக்குள் சீனி டப்பாவுக்குச் சட்டம் போட யாராலும் முடியாது. அதை நாம்தான் செய்ய வேண்டும்.

எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பதே முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். சுவீடனில் விபெஹோல்ம் என்ற விடுதியில் 1945 முதல் நடந்த ஆய்வில், சாப்பாட்டோடு சேர்த்துத் தின்ற சர்க்கரை பல்லை அதிகம் கெடுக்கவில்லை. இடையிடையே தின்ற ஒட்டும் மிட்டாய்தான் பற்களை அழித்தது. அறிவு வளர்ச்சி குன்றிய நோயாளிகள்மேல் அவர்கள் சம்மதமின்றி நடத்தப்பட்ட ஆய்வு அது. அந்த அநியாயத்தையும் நினைவில் வைத்தே அதன் பாடத்தை எடுத்துக்கொள்கிறோம்.

பால் பல்தானே என்று விடலாமா?

விழப்போகிற பல்லுக்கு ஏன் இவ்வளவு கவலை என்று பலர் கேட்கிறார்கள். பால் பற்கள் மொத்தம் 20. ஆறு மாதம் வாக்கில் முளைக்கத் தொடங்கி மூன்று வயதுக்குள் நிறைகின்றன. முன்பற்கள் ஆறேழு வயதில் விழும் என்பது சரிதான். ஆனால் பின்னாலுள்ள கடவாய்ப் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. அதுவரை பிள்ளை எதைக் கொண்டு மெல்லும்?

பல் வலிக்கிற பிள்ளை சாப்பிடாது, தூங்காது, எடை ஏறாது. சீழ் கட்டினால் அடியில் வளர்ந்துகொண்டிருக்கிற நிலையான பல்லின் கருவும் பழுதுபடலாம். பல் காலத்துக்கு முன்னே போய்விட்டால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, புதுப் பல் கோணலாக முளைக்கும். 2002-03இல் நம் தேசத்தில் எடுத்த பல் சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சொத்தை இருந்தது. இரண்டில் ஒரு பிள்ளை! வலி தாங்கிப் பழகிவிட்டதால் அவர்களில் பலர் சொல்வதுகூட இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை

இதில் பணம் செலவாகிற காரியம் மிகக் குறைவு. வெட்டி எடுத்துச் சமையலறையில் ஒட்டிவைக்க ஏற்றபடி சுருக்கமாகத் தருகிறோம்.

1. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள். சேனை, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால் எதுவும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது. பல்லுக்காக மட்டுமல்ல, அதில் இருக்கக்கூடிய கிருமி கைக்குழந்தைக்கு உயிராபத்தை உண்டாக்கலாம்.

2. பல் முளைக்குமுன்பே சுத்தமான ஈரத்துணியை விரலில் சுற்றி ஈறுகளைத் துடைத்துப் பழக்குங்கள்.

3. முதல் பல் எட்டிப் பார்த்த நாளிலிருந்து காலையும் இரவும் சின்ன பிரஷ்ஷால் துலக்குங்கள். ஃப்ளோரைடு கலந்த பற்பசை ஓர் அரிசி அளவு போதும். மூன்று வயதுக்குமேல் பட்டாணி அளவு. கரி, சாம்பல், செங்கல்பொடி வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் சில ஊர்களில் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு மிகுதி. அங்குள்ளவர்கள் பல் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. இரவு துலக்கியபின் தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் வேண்டாம், தண்ணீர் குடிக்கலாம். ஒரு வயதுக்குமேல், பிள்ளை தூங்கியதும் மெல்லக் காம்பை விடுவித்துவிடுங்கள். இரவு முழுவதும் வாயில் வைத்தே தூங்கும் பழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். வேப்பிலை தடவித் திடீரென்று நிறுத்துவது பிள்ளைக்கும் வேதனை, பால் கட்டித் தாய்க்கும் வேதனை.

5. பால்பாட்டில் வேண்டாம். தாய் வேலைக்குப் போனால் பாலைப் பிழிந்து சுத்தமான பாத்திரத்தில் மூடிவைத்து, பாலாடையிலோ டம்ளரிலோ புகட்டலாம். ஏற்கெனவே பாட்டில் பழகியிருந்தால், சீனியை நாளுக்கு நாள் குறைத்து, இராத்திரிப் பாட்டிலில் தண்ணீர் மட்டும் ஊற்றி, பிறகு நிறுத்துங்கள்.

6. இரண்டு வயதுக்குள் சர்க்கரை, கருப்பட்டி, கல்கண்டு சேர்க்க வேண்டியதே இல்லை. கருப்பட்டி நல்லதென்றாலும் கிருமிக்கு அதுவும் சர்க்கரைதான். வாழைப்பழம், சப்போட்டா, அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொடுங்கள்.

7. இனிப்பு சிரப் கொடுத்தபின் ஒரு மடக்குத் தண்ணீர் கொடுங்கள்.

8. மாதம் ஒருமுறை மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறின் ஓரத்தில் சுண்ணாம்புக் கோடுபோல வெள்ளையாகத் தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கம். அந்த நிலையில் துளைக்காமலே குணமாக்கலாம். பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் அப்படிச் செய்ய முடியாது.

9. தாய் தன் பல்லையும் காட்ட வேண்டும். கர்ப்ப காலத்தில் பல் வைத்தியம் செய்யக் கூடாது என்பது தவறு. நடு மாதங்களில் தாராளமாகச் செய்துகொள்ளலாம்.

10. முதல் பிறந்த நாளுக்குள் பிள்ளையை ஒருமுறை பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

நமக்கும் ஒரு வார்த்தை

ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்புவித்த பிள்ளைக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? மிட்டாய். பிறந்த நாளுக்கு? மிட்டாய். கிறிஸ்துமஸ் பவனி வருகிறபோது கூடை கூடையாக மிட்டாய். அது நம் அன்பின் அடையாளம், ஒருவரையும் குறை சொல்லவில்லை. அந்த அப்பாயியின் மடிக் கல்கண்டும் அன்பின் அடையாளமே. ஒரு பென்சில், ஒரு படம், ஒரு கொய்யாப்பழம், கடலை உருண்டைக்குப் பதில் ஒரு பிடி அவித்த வேர்க்கடலை கொடுத்தாலும் பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் பத்து நிமிடம் இதைப் பேசினால், பல வீடுகளுக்குப் போய்ச் சேரும். முக்கியமாக மாமியாரும் பாட்டிமாரும் இருக்கிற கூட்டத்தில் பேசுங்கள். வீட்டில் பிள்ளையின் வாய்க்குள் என்ன போகிறது என்பதைத் தீர்மானிக்கிறவர்கள் அவர்களே.

இன்னொன்றும் உண்டு. சொத்தைப் பல்லோடு பிள்ளையைத் தூக்கி வருகிற தாயை முதலில் திட்டிவிடாதீர்கள். அவள் கொடுத்த பால் பிள்ளைக்கு நன்மையே செய்தது. துலக்க வேண்டும் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பெண் குழந்தையின் உடைந்த பல்லை எடுக்க வேண்டியிருந்தது. மற்ற மூன்று முன்பற்களுக்கும் சில்வர் டையமின் ஃப்ளோரைடு என்ற மருந்தைப் பூசினோம். துளைக்காமல், ஊசி போடாமல், ஒரு சொட்டுப் பூச்சில் சொத்தையை நிறுத்துகிற மருந்து அது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறது. ஒரு குறை, சொத்தையான இடம் கறுத்துவிடும். "பொம்பளப் பிள்ளையாச்சே, கறுப்பாயிடுமே" என்று அப்பாயி தயங்கினார். விழுந்து முளைக்கிற பல் வெள்ளையாக வரும், இப்போது வலி நிற்க வேண்டும் என்று சொன்னதும் சம்மதித்தார். அன்று மாலையே பிள்ளை ரசஞ்சோறு சாப்பிட்டதாக அடுத்த வாரம் வந்து சொன்னார்.

கார்த்திகையில் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. சேனை தொடவில்லை. பாட்டில் வாங்கவில்லை. சமீபத்தில் பிள்ளையை எங்களிடம் காட்ட வந்தபோது அவனுக்கு எட்டு மாதம், கீழே இரண்டு பல் முளைத்திருந்தது. நாங்கள் கேட்குமுன்பே அவள் அவன் உதட்டை விரலால் இழுத்துக் காட்டினாள். பக்கத்தில் நின்ற அக்காள், தன் வாயையும் காட்ட வேண்டுமென்று அண்ணாந்துகொண்டாள். காட்டி முடித்ததும் தம்பி அழத் தொடங்கினான். தாய் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டுப் பால் கொடுத்தாள். ஒருவரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை.